ரெஜ்ஜின் இருமல்

ரெஜ்ஜைப் புதைத்துவிட்டு வந்த அன்று மாலையே அவர் கொட்டகையில் இருமினார். குட்டையாக இரண்டு, அப்புறம் இழுத்து ஒன்று, கடைசியில் ஒரு செருமல். அடுப்படியில் நின்ற அவர் மனைவி மேவிஸ் அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தாள். ஆயுசு முழுக்கச் சுரங்கத்தில் கரித்தூளைத் தின்ற நெஞ்சு. அந்த இருமல் அவளுக்குத் தெரியாதா?

போய்ப் பார்த்தால், அந்த நீல பட்ஜிக் கிளி. பறவைக் கண்காட்சியில் நடுவருக்கு முன்னால் விறைப்பாக நிற்கவேண்டும் என்று குளிர்காலம் பூராவும் கூண்டோரமாக உட்கார்ந்து ரெஜ் பழக்கிய பறவை. பாழாய்ப்போனது, நிற்கப் பழகியதோடு இருமவும் பழகிக்கொண்டது.

மேவிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தே தோள் இறங்கிப்போனவள். தலைமையாசிரியரையே ஒரு அதட்டு அதட்டுவாள். அப்பேர்ப்பட்டவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் பறவைக்குத் தீனி வைக்கப் போனாள். வீட்டில் ரேடியோ ஓயாமல் அலறியது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள், அந்த இருமலைக் கேட்கமாட்டாமல் அவள் வராந்தாவுக்குப் போய் நின்றிருந்தாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்கு முந்தின நாள் ரெஜ் கேட்டது ஒன்றுதான்.

“அந்த நீலப் பயல மட்டும் மேடையேத்திடு, புள்ள. இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்.”

ஏற்றிவிடுவோம் என்று முடிவு செய்தாள். கோப்பை ஜெயித்த பறவையை வாங்க ஆள் வரும்; கண்காணாத ஊருக்குத் தள்ளிவிடலாம். அப்புறமாவது தூங்கலாம்.

பறவையின் தொண்டையில் போட்டி விதிப்படி ஆறு கறுப்புப் பொட்டு மட்டும் முத்து முத்தாகத் தெரிய, மிச்சப் பொட்டு இறகுகளை இடுக்கியால் நோகாமல் பிடுங்கினாள். கூண்டுக்குப் புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்தாள்.

சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் கண்காட்சி. எல்லாக் கூண்டும் ஒரே அச்சு; எண் உண்டு, பெயர் கிடையாது. சொந்தக்காரர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். ‘என் பறவை’ என்று நடுவர் காதில் விழுந்தால் பறவை போட்டியிலேயே இல்லை.

தெற்கேயிருந்து வந்த நடுவர், வெள்ளைக் கோட்டு, சுரங்க வாசலை மிதித்திராத செருப்பு. ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டி, கடைசியில் இரண்டே கூண்டை மேசையில் நிறுத்தினார். கோலால் கம்பியைத் தொட்டார். நீலம் தலை நிமிர்த்தி விறைப்பாக நின்றது.

ரெஜ்ஜோடு சுரங்கத்தில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு ஆல்ஃப் கிசுகிசுத்தார். “கோப்பைய வைக்க இடம் பாத்துட்டியா, மேவிஸ்?”

அப்போதுதான் அது இருமியது. குட்டையாக இரண்டு, இழுத்து ஒன்று, செருமல்.

நடுவர் கையை இழுத்துக்கொண்டார். “சீக்குப் பறவையை யாருய்யா கொண்டாந்தது? மத்ததுக்கும் ஒட்டிக்கும். வெளிய எடுங்க.”

“மூச்சு விடாத,” என்றார் ஆல்ஃப். “யாரோடதுன்னு இவருக்குத் தெரியாது. அடுத்த வாரம் வேற ஊர், வேற நடுவர். அங்க வித்துடலாம்.”

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் சீக்கு என்ற சொல் மேவிஸைச் சுட்டுவிட்டது. இன்னொரு தரம் வராந்தாவில் நிற்க அவளால் ஆகாது. கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

“அதுக்குச் சீக்கு இல்ல. அது என் வீட்டுக்காரரோட இருமல்.”

“அம்மா, நீங்க வாயத் திறந்துட்டீங்க. இனிமே இதுக்கு நான் தீர்ப்பு சொல்ல முடியாது.”

“சொல்லிக் கிழிச்சீங்க! தூக்கிப் போடத்தானே இருந்தீங்க?”

பறவை மறுபடி இருமியது. கயிற்றுக்குப் பின்னாலிருந்து ஆல்ஃப் இருமினார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவருக்குப் பின்னால் இன்னொருவர். அப்புறம் சுவரோரம் ஒருவர். குட்டையாக இரண்டு, இழுத்து ஒன்று. நடுவர் கோலைக் கீழே வைத்துவிட்டு, அதுவரை பார்க்காத அந்த முகங்களைப் பார்த்தார்.

கோப்பை வேறு யாருக்கோ போயிற்று. இருமுகிற பறவை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. இனி யார் வாங்குவார்?

வீட்டுக்கு வந்தவள் கூண்டைக் கொட்டகைக்குக் கொண்டுபோகவில்லை. அடுப்படி மேசையில், ரெஜ் உட்காரும் பக்கமாக வைத்தாள். டீ போட்டாள். காதுப் பஞ்சைக் குப்பையில் எறிந்தாள். ரேடியோவை நிறுத்தினாள்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு இருமல் வந்தது. அவள் டீயைக் கீழே வைத்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

“இருமுய்யா,” என்றாள். “நான் இங்கதான் இருக்கேன்.”