காதில் சொன்ன பெயர்

சென்ற மாதம் தஞ்சாவூரில் என் மருமகளைப் பிரசவத்துக்குச் சேர்த்தபோது, சீட்டு எழுதிய பெண் "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டாள். மருமகள் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே என் மகன் பெயரை இனிஷியலோடு சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டேன். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்னமும் ஒரு பெண் புருஷன் பெயரைச் சொல்லக் கேட்டால், நர்ஸம்மாவின் நீள நோட்டு ஞாபகம் வந்துவிடுகிறது.

எங்கள் ஸ்டேஷன் எல்லையில் அரசாங்கம் போட்ட முதல் மருத்துவச்சி அவர். கடற்கரைப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் படித்தவர். அதுவரை காலனியில் கருக்கரிவாளால்தான் தொப்புள்கொடியை அறுப்பார்கள். ஒரு வாரத்தில் பிள்ளைக்கு ஜன்னி கண்டு போய்விட்டால் தலையெழுத்து என்பார்கள். இவர் கொதிக்க வைத்த கத்திரிக்கோலோடு வரப்பு வரப்பாக நடந்து அந்தத் தலையெழுத்தை மாற்றினார். காலனிக்குப் போய் வருகிறவர் என்று மிராசுதார் வீட்டில் கொல்லைப்புறமாக வரச் சொன்னார்களாம். "புள்ள வர்ற வாசலத்தான் நான் பாப்பேன், நான் வர்ற வாசல் எதுவா இருந்தா என்ன?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாராம். வாய் கொஞ்சம் அதிகம்தான்.

அவர் நோட்டில் கர்ப்பிணியின் பெயருக்குப் பக்கத்தில் புருஷன் பெயர் இருந்தாக வேண்டும். எந்தப் பெண் சொல்வாள்? சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பயம். "சாமி பேருதாங்க", "மலை மேல இருக்காரே, அவரு பேரு" என்று சுற்றி வளைப்பார்கள். நர்ஸம்மா குனிந்து காதைக் கொடுப்பார். "எங் காதுல சொல்லு. காதுலேருந்து தாளுக்குப் போவும், வேற எங்கயும் போவாது." சொல்லிவிடுவார்கள். அந்தக் காதில் சொன்னால் தோஷமில்லை என்று காலனியே நம்பியது.

அது கூலிப் போராட்டக் காலம். ஆட்சி மாறி, அரசாங்கக் காகிதங்களில் 'ஸ்ரீ' போய் 'திரு' வந்திருந்தது. மிராசுதார்கள் மாறவில்லை, காக்கிச் சட்டை போட்ட நாங்களும் மாறவில்லை. சம்பா அறுவடையின்போது ஒரு களத்தில் அடிதடி. வழக்கில் முதல் பெயர், பக்கத்து ஊர்ச் சங்கத்து ஆள் ஒருவனுடையது. அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. ஆள் தலைமறைவு. அவன் மனைவி தலைப்பிரசவத்துக்கு எங்கள் ஊர்க் காலனியில் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள், பிள்ளையைப் பார்க்க எப்படியும் வருவான் என்று தகவல் கிடைத்தது. அப்படி வந்திருந்த பெண்களோ மூன்று பேர். எவள் புருஷன் இவன்? ஏட்டையா மூவரையும் நிற்க வைத்து மிரட்டினார். மூவரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஏட்டையா நர்ஸம்மாவிடம் போய் நோட்டைக் கேட்டார்.

"இது ஆஸ்பத்திரி நோட்டுங்க, ஸ்டேஷன் நோட்டு இல்ல" என்று அவர் நோட்டைப் பைக்குள் போட்டு இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏட்டையா என்னைப் பார்த்தார். "நீ பால் வடியுற மூஞ்சி. அந்தம்மா பின்னாடியே சுத்து. எப்பவாவது பையைக் கீழ வைக்கும்ல?"

மூன்று நாள் காக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு சுற்றினேன். மூன்றாம் நாள் பருவம் தப்பிய மழை. மூவரில் ஒருத்திக்கு நடுப்பகலில் வலி கண்டது. குடிசை முழுக்க ஒழுகியது. நர்ஸம்மா வேண்டியதை எடுத்துக்கொண்டு பையை என்னிடம் நீட்டினார். "தம்பி, நோட்டு நனைஞ்சா போச்சு. கொஞ்சம் புடிச்சுக்க." எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றேன். பிள்ளைக்குக் கால் முதலில் வருகிறது என்று கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். "முக்காத... முக்காத... நான் சொல்றப்ப முக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எல்லார் கண்ணும் படல் கதவின் மேல் இருந்தது. நான் நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் மூன்றாவது வரியில் அவன் பெயர் இருந்தது. பக்கத்தில் குளத்தங்கரை வீட்டுப் பெண்ணின் பெயர். மூடி உள்ளே வைத்தேன். அப்போது குழந்தை அழுதது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அழுகை வந்தது.

நர்ஸம்மா முழங்கை வரை ஈரத்தோடு வெளியே வந்தார். "பொம்பளப் புள்ள. ரெண்டு உசுரும் பொழைச்சிருச்சு." பையை வாங்கித் தடவிப் பார்த்தார். "நனையாம வச்சிருந்தியே. நல்லா இருப்பே தம்பி."

அடுத்த வாரம் குளத்தங்கரை வீட்டில் பிள்ளை பிறந்தது. மறுநாள் உச்சி வெயிலில் வைக்கோல் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் வந்தான். வாசலிலேயே பிடித்தோம். குழந்தையின் முகத்தைப் பார்த்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏட்டையா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பெயர் தெரிந்த காது ஒன்றுதான் என்று காலனிக்குத் தெரியும். அன்றிலிருந்து நர்ஸம்மா போனால் படல் சாத்தியிருக்கும். போலீஸ்காரன் திருடிவிட்டான் என்று அவர் சொல்லிப் பார்த்தாராம். பையைத் தூக்கிக் கொடுத்தது யார் என்று கேட்டிருக்கிறார்கள். தொப்புள்கொடி அறுக்கக் கருக்கரிவாள் மறுபடி வெளியே வந்தது.

புரட்டாசியில் ஒரு காலை நர்ஸம்மா ஸ்டேஷனுக்கு வந்தார். மேஜையில் நான்தான் இருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முந்தின நாள் காலனியில் ஒரு பெண் இறந்திருந்தாள். பிள்ளை பிறந்தும் நஞ்சுக்கொடி விழாமல் ஒன்றரை நாள் கிடந்திருக்கிறாள். கூப்பிடு தூரத்தில் இருந்த இவரை யாரும் கூப்பிடவில்லை. நோட்டை என் முன்னால் விரித்து வைத்தார். அவள் பெயர் இருந்தது. பக்கத்தில் புருஷன் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது.

"நாலு தடவை வரப்புல மறிச்சுக் காதைக் கொடுத்தேன். வாயைத் தொறக்கல" என்றார். "நீ கண்டுபுடிச்சுச் சொல்லு தம்பி. நான் எழுதிக்கிறேன்."