தலையாட்ட ஒராள்

எங்கள் பக்கத்தில் கல்யாண வீடியோ என்றால் நான்தான். ஆனால் மல்லாவி மண்டபத்தில் என் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது, அக்கா பிடித்தது கிளிநொச்சிக்காரன் ஒருவனை.

"நீ தாய்மாமன். கமராவைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சா ஆரடா மாமன் வேலை பாக்கிறது?" என்றாள். "கனடாவிலை மூத்தக்கா லைவிலை பாக்கப்போறா. அவன்ரை கமரா தானாத் திரும்புமாம்."

தானாகத் திரும்புமாம்! இவ்வளவு காலமும் நான் திரும்பாமலா எடுத்தேன்?

மணவறையைச் சுற்றி மூன்று கமராக்களைத் தாங்கிகளில் பூட்டிவிட்டு, அவன் பின்வரிசைக்கும் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் சோடா. மறுகை விரல்களுக்கிடையில் சின்னப் பிடி ஒன்று. அதை லேசாகச் சரித்தால் தூரத்தில் கமரா தலையைத் திருப்புகிறது. முறுக்கினால் தாலி முழுத்திரைக்கும் வருகிறது. பாரம் தூக்கியே என் தோள் ஒருபக்கம் சரிந்துவிட்டது. 'தம்பி, மறைக்காதை' என்று எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியிருப்பேன்! அவனுக்கு வேர்க்கக்கூட இல்லை. வந்திருந்த சனம் முழுவதும் இனி அவனைத்தான் கூப்பிடும், என் பிழைப்பில் மண். கடவுளே, கரண்டாவது நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

தாலி கட்டியாயிற்று. கரண்ட் நிற்கவில்லை.

பிறகு மணமக்களை வாழ்த்தி, அறுகம்புல்லும் அரிசியும் கலந்த அறுகரிசி போடத் தொடங்கினார்கள். எங்கள் சனம் அதைச் சும்மா போடாது. சோடி சோடியாக ஏறி, மணமக்களின் தலைக்கு மேல் கையைப் பிடித்தபடி கமராக்காரனைப் பார்த்து நிற்கும். அவன் தலையாட்டிய பிறகுதான் கையை விடும். அன்று முன்னால் ஆளே இல்லை. மாப்பிள்ளையின் பெரியப்பாவும் பெரியம்மாவும் தூக்கிய கையோடு அப்படியே நின்றார்கள்.

"தம்பி, போடட்டோ?" என்று பெரியப்பா வெறும் இடத்தைப் பார்த்துக் கேட்டார்.

வரிசை வாசல்வரை நீண்டது. பின்னாலிருந்து அவன் "போடுங்கோ!" என்று கத்தியது மேளத்தில் அமுங்கிப்போனது. எனக்கென்றால் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

அக்கா ஓடிவந்தாள். "நடுக் கமராவுக்குக் கீழை போய் நில்லடா. நீ தலையாட்டினாத்தான் சனம் போடும்."

"எனக்கேலாது."

"என்ரை பிள்ளையின்ரை கல்யாணமடா."

போனேன். பட்டு வேட்டியோடு, வெறுங்கையோடு நின்று சோடி சோடியாகத் தலையாட்டினேன். என் உச்சிக்கு மேலே அவனுடைய கமரா மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிய மூத்தக்கா கனடாவிலிருந்து போன் எடுத்தாள்.

"என்ன வடிவடா! ஒவ்வொருத்தரும் நேராப் பாத்துச் சிரிச்சுக்கொண்டெல்லோ நிக்கினம்! அந்தக் கமராப் பெடியன் விண்ணன்."

"ஓம் அக்கா" என்றேன்.

அங்காலே அவன் வயர் சுருட்டிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் பெரியப்பா தன் மகளின் கல்யாணத்துக்கும் அவனையே வரச்சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திரும்பினார்.

"தம்பி, நீங்களும் கட்டாயம் வரவேணும். தலையாட்ட ஒராள் வேணுமெல்லோ?"