தக்காளி மண்டியில் நான் இளைத்த வாரங்கள்

1985 பங்குனி, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். தர்மபுரியில் டாக்டர் என்னை நிறுத்துப் பார்த்து எண்பத்தாறு கிலோ என்றார். வத்தல்மலை நண்பர் தன் மகள் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார், வைகாசியில் முகூர்த்தம். அப்போது மலைக்கு பஸ் கிடையாது, நடந்துதான் ஏற வேண்டும். வந்தே தீருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

"இந்த ஒடம்போட ஏறாதீங்க. அஞ்சு கிலோ கொறைங்க, நானே போகச் சொல்றேன்."

மாத்திரை எழுதுவார் என்று பார்த்தால், சீட்டில் சேலத்து எடைக் குறைப்பு நிலையம் ஒன்றின் முகவரியை எழுதினார். பணம் கட்டினால் தபாலில் எட்டுப் பாடங்கள் வரும். வாராவாரம் எடையைக் கார்டில் எழுதிப் போட்டால்தான் அடுத்த பாடம்.

"லெட்டர் போட்டா தொப்பை கரைஞ்சிருமாங்க? அப்ப துணி தொவைக்கவும் ஒண்ணு போட்டு வைங்க" என்றாள் மனைவி.

முதல் பாடம், ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு முறை மெல்லச் சொன்னது. நான் நான்காவது கவளத்தில் இருக்கும்போதே அவள் பாத்திரம் கழுவி முடித்துவிடுவாள். இரண்டாம் பாடம், தானிய உணவு ஒரு கப் மட்டும் என்றது. எங்கள் வீட்டில் களியைக் கப்பில் அளப்பதில்லை, உருண்டையில்தான். ஓர் உருண்டையை ஒரு கப் என்று எடுத்துக்கொண்டேன்.

எடை பார்க்கப் பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போவேன். அங்கே எடை போடும் பாய் எனக்குப் பழக்கம். நான் பலகையில் ஏறி நிற்பேன். எண் அவர் பக்கம்தான் தெரியும். முதல் வாரமே, "எண்பத்தி நாலு!" என்று கூவினார். சித்திரையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. எண்பத்து மூன்று, எண்பத்திரண்டு, ஏழாம் வாரம் எண்பத்தொன்று. சேலத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. டாக்டரிடம் காட்டினேன், கை குலுக்கினார்.

"வேட்டி மட்டும் ஏங்க இன்னும் பத்த மாட்டேங்குது?" என்று மனைவி கேட்டாள். துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டது என்றேன்.

எட்டாம் வாரம், கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு, நல்ல வெயில். பலகையில் ஏறினேன்.

"எண்பத்தி நாலு!"

"போன வாரம் எண்பத்தொண்ணுன்னீங்களே, பாய்?"

"அப்ப மழைங்க சார். கூடைக்கு ரெண்டு போக ஈரக் காய்க்குன்னு ஒண்ணு, ரெண்டுன்னு ஏறி, போன வாரம் மூணு கிலோ கழிவு. இப்பத்தான் காஞ்சு வருதே, கூடைக்கு ரெண்டு மட்டும் கழிச்சேன்."

"நான் எங்க பாய் கூடையில வந்தேன்?"

அவர் யோசித்தார். "பழகிப் போச்சுங்க சார். என்ன ஏத்தினாலும் வாய் தானா கழிச்சுச் சொல்லுது."

டைரியில் எட்டுப் பதிவுகளையும் சிவப்பு மையில் திருத்தினேன். எண்பத்தாறு, எட்டு முறையும். மறுநாள் காலை டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"குடுத்த வாக்கு, போயிட்டு வாங்க. ஆனா நூறடிக்கு ஒருக்கா உக்காரணும்."

கல்யாணத்தன்று அடிவாரத்தில் புறப்பட்டது காலை ஐந்தே முக்கால். நூறடிக்கு ஒருமுறை உட்கார்ந்தேன், எண்ணியது மனைவி. முகூர்த்தம் ஒன்பதுக்கு, நாங்கள் போய்ச் சேர்ந்தது பத்து ஐம்பதுக்கு. தாலி கட்டி, இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. நண்பர் இலையைத் தாண்டி ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"வந்துட்டீங்களே சார்! என்ன இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? வூட்டுல சோறு கீறு போடறதில்லையா?"

எனக்கு வாயெல்லாம் பல். மனைவிதான் பதில் சொன்னாள்:

"கழிவு போக அவ்வளவுதாங்க."