அந்தோனி அண்ணை எடுத்த இரண்டாவது ஆட்டம்

செவ்வாய்க்கிழமை காலை மேரி அக்கா தொலைபேசியில் சொன்னதை நான் இரண்டு தரம் திருப்பிக் கேட்டேன். மர ஆலையில் வேலை செய்துகொண்டிருந்த அவருடைய கணவர் அந்தோனி அண்ணை அப்படியே விழுந்துவிட்டார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயது. ஞாயிற்றுக்கிழமை எங்களோடு நின்ற மனிதர். இன்று வியாழன், இன்னும் நம்ப முடியவில்லை.

அண்ணை எண்பத்து நாலில் மன்னாரிலிருந்து வந்தவர். இங்கே ஜேர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் நம்மவர் வீட்டுக் கலியாணம், ஞானஸ்நானம் எதுவானாலும் வீடியோ எடுத்தவர் அவர்தான். உதைபந்தாட்டத்தில் அவருக்கு அரிச்சுவடியும் தெரியாது.

என் தம்பி ரவி இங்குள்ள கழகமொன்றில் விளையாடுகிறான். அகதி விண்ணப்பம் இழுபட்டுக் கிடப்பதால் இங்கே அவனுக்குப் படிப்புக்கு வழியில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் நல்ல ஆட்டக்காரருக்கு இலவசமாக இடம் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு எழுதினோம். ஒரு கல்லூரி அவனுடைய ஆட்டத்தின் வீடியோவைக் கேட்டது.

அண்ணை அந்த ஆட்டத்தைக் கலியாண வீடியோவாகவே எடுத்தார். வந்த சனத்தில் ஒருவரும் விடுபடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. எல்லாரும் வரிசையாகச் சிரித்தார்கள், மேரி அக்கா தேத்தண்ணி ஊற்றினார், பின்னணியில் நாதஸ்வரம். ரவி கோல் அடித்த நேரம் கமரா பற்றிஸ் பலகாரத் தட்டில் நின்றது. நாங்களும் பார்க்காமலே அனுப்பிவிட்டோம். குடும்பம் மிக மகிழ்ச்சியாக இருக்கிறது, இதில் ஆட்டக்காரர் யார் என்று கேட்டுப் பதில் வந்தது. பந்து காலில் இல்லாதபோதும் அவனையே காட்டும் முழு ஆட்டம் ஒன்று மாதமுடிவுக்குள் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

நாங்கள் சிரித்தோம். அண்ணை சிரிக்கவில்லை.

“என்ர பிழையால பொடியன்ர படிப்புப் போகக் கூடாது” என்றார்.

இரண்டு கிழமையாக, ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ரவியின் பயிற்சிக்கு வந்து நின்றார். பந்து அங்கே கிடக்க நீ ஏன் இங்கே ஓடுகிறாய் என்று ரவியைக் கேட்டுக் கேட்டு ஆட்டத்தைப் பழகினார். போன ஞாயிறு தொண்ணூறு நிமிடமும் எடுத்தார். முடிந்ததும் கொஞ்சம் களைப்பு என்று மட்டும் சொன்னார்.

நேற்று அனுப்புமுன் போட்டுப் பார்த்தோம். கடைசிக் கால்மணி நேரம் அவருடைய மூச்சு இரைக்கிறது. படம் நடுங்குகிறது. “மாதாவே, இன்னும் கொஞ்சம்” என்று ஒரு தரம் கேட்கிறது. ஆனால் ரவி ஒரு கணமும் படத்தைவிட்டு விலகவில்லை.

இந்த மூச்சை அந்நியர் கேட்கக் கூடாது, அனுப்பவே வேண்டாம் என்று ரவி அழுதான். சத்தத்தை மட்டும் அழிக்கலாமா என்று மேரி அக்காவைக் கேட்டேன்.

“ஒண்டையும் அழிக்க வேண்டாம். அவர் அதுக்குத்தானே நிண்டவர். அப்பிடியே அனுப்புங்கோ.”

இன்று காலை அனுப்பிவிட்டோம். நாளை அடக்கம்.

போய் வாருங்கள், அண்ணை. அந்தக் கால்மணி நேரமும் நான் உங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.