மங்கிய பின்னணியும் கிழிந்த உதடும்

என் சின்னக் கமெராவுக்கு முகப்படம் எடுக்கும் லென்ஸ் ஒன்று வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கும். ஆனால் தூரத்து முகத்தைக் கிட்ட இழுத்து, சுற்றியுள்ள எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும். அதைச் சோதிக்க மொன்றியல் துறைமுகப் பக்கம் போனேன்.

அங்கே ஒரு களஞ்சிய வாசலில் வேலைநிறுத்தம். கூட்டத்தில் தாடிக்காரர் ஒருவர், அருமையான முகம். தெருவின் இந்தப் பக்கம் நின்று ஒரு படம் எடுத்தேன். அவர் கண்டுவிட்டார். ஓடிவந்து என் கொலரைப் பிடித்தார். முதல் குத்திலேயே உதடு கிழிந்தது.

"ஐயோ அம்மா!"

"தமிழனோ?" கை நின்றது. கமெராத் திரையைப் பார்த்தார். "இவ்வளவு பேர் நிக்கிறம், என்ர முகம் மட்டும் ஏனடா தெளிவா இருக்கு? முதலாளி அனுப்பின தலையாட்டியோ நீ?"

ஊரில் முகமூடிக்குள் இருந்து தலையை ஆட்டி, ஆட்களை ஆமிக்குக் காட்டிக்கொடுத்தவனுக்கு அதுதான் பெயர். தமிழன் என்பதற்காகவே இரண்டாவது குத்து இன்னும் பலமாக விழுந்தது.

"அண்ணை, லென்ஸ் சோதிக்க வந்தனான்! முந்தின படத்தைப் பாருங்கோ!"

அது ஒரு கடைப் பூனை. அதற்கும் முகம் மட்டும்தான் தெளிவு. பார்த்துவிட்டுக் கொலரை விட்டார்.

லென்ஸ் தரமானதுதான். பதற்றத்தில் விரல் பட்டு விழுந்த கடைசிப் படத்தில், குத்த வந்த கையின் மயிர்கூடத் தெரிகிறது. இப்போதெல்லாம் கிட்டப் போய், "ஒரு படம் எடுக்கட்டோ?" என்று கேட்கிறேன். அவர்கள் "ஓம்" சொல்லும்வரை முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறேன்.