எங்களுக்கு மட்டும் நேராகத் தெரிந்த எக்ஸ்ரே

கொரோனா ஓய்ந்து ஊர் பழையபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம். சமயநல்லூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். திருப்பூர் பனியன் கம்பெனி, எர்ணாகுளம் ஓட்டல், லாரி கிளீனர் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு, கல்யாணங்களை இணையத்தில் நேரலை விடும் ஒரு குழுவோடு கொஞ்ச காலம் அலைந்தேன். கம்ப்யூட்டர் பழக்கம் அங்கே வந்ததுதான். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. தப்பு நடந்தால் திட்டு விழும், அம்புட்டுதான்.

ஒருநாள் மத்தியானம் ஸ்டுடியோ முதலாளி கூப்பிட்டார். “மாப்ள, பரவையில நமக்குத் தெரிஞ்ச டீச்சர் வீடு. ஏதோ வீடியோ மீட்டிங்காம், படம் காட்ட முடியலையாம். லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு வெரசாப் போ” என்றார்.

டீச்சர் மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். அவரை நான் சார் என்றே கூப்பிட்டேன். டீச்சருக்கு முழங்கால் மூட்டு தேய்ந்துபோய், மறுநாள் காலையில் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் இடது காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் ஏற்பாடாகியிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு மனம் ஒப்பவில்லை. கோயம்புத்தூரில் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடமும் கேட்டுவிடலாம் என்று வீடியோ மீட்டிங் போட்டிருந்தார். வேலையில் இருந்ததால் மகன் குரலில் மட்டும் சேர்ந்திருந்தார்.

எக்ஸ்ரே சீடியில் இருந்தது. அந்த டாக்டரின் ஆஸ்பத்திரி மீட்டிங்கில் நம் முகத்தைத்தான் காட்ட முடியும்; கம்ப்யூட்டர் திரையைக் காட்டும் வசதியைப் பூட்டி வைத்திருந்தார்கள். இதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. வெர்ச்சுவல் கேமரா என்று ஒரு மென்பொருள். நம் திரையில் இருப்பதையே கேமராவில் வருகிற படம் என்று மீட்டிங்கை நம்பவைத்துவிடும். முகம் தெரிய வேண்டிய கட்டத்தில் எக்ஸ்ரே தெரியும். கல்யாண வேலையில் தினமும் கையாண்டதுதான்.

டாக்டர் வருவதற்கு முன்பே போட்டுப் பார்த்தோம். எக்ஸ்ரே வந்தது. ஆனால் ஓரத்தில் இருந்த டீச்சரின் பெயர் இடவலம் மாறித் தெரிந்தது. சார்தான் முதலில் பார்த்தார்.

“தம்பி, எழுத்தெல்லாம் திரும்பிக் கெடக்கே. நேராக்குங்க.”

எனக்கும் அது தப்பாகவே பட்டது. மென்பொருளில் படத்தைத் திருப்ப ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினேன். பெயர் நேரானது. சார் திருப்தியாகத் தலையாட்டினார்.

டாக்டர் மீட்டிங்குக்குள் வந்தார். நிதானமான மனிதர். படம் சின்னதாக இருக்கிறது, மூட்டுகளை மட்டும் பெரிதாகக் காட்டுங்கள் என்றார். பெரிதாக்கினேன். இரண்டு முழங்கால்களும் திரையை அடைத்துக்கொண்டன; பெயரும், வலது இடது என்று குறித்திருந்த எழுத்துகளும் ஓரத்துக்கு வெளியே போய்விட்டன. அதையும் அவர் விடவில்லை. வலது கால் என்று குறித்திருந்தது எந்தப் பக்கம் என்று கேட்டார். சார் எங்கள் திரையைப் பார்த்தபடி, இடது ஓரத்தில் என்று சொன்னார். எங்கள் திரையில் அது உண்மைதான்.

டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “அப்படின்னா வலது கால்தான் ரொம்ப மோசமா இருக்கு. இடது கால் அவ்வளவு இல்லையே” என்றார்.

எங்கள் கண்ணுக்கு இரண்டு மூட்டும் ஒன்று போலத்தான் இருந்தன.

மகனின் குரல் வெடித்தது. “அப்பா, நாளைக்கு ஆபரேஷன் வேணாம். நல்ல காலையா வெட்டப் பாக்குறாங்க? இப்பவே போன் போட்டு கேன்சல் பண்ணுங்க.”

சார் போனைத் தேடி எடுத்தார். டீச்சர் நாற்காலியில் இருந்தபடியே, “ஏங்க, எனக்கு வலிக்கிறது இடது கால்” என்றார்.

“நீ சும்மா இரு. டாக்டருக்குத் தெரியாதா?”

“கால் என்னோடது. எதுல நொண்டுறேன்னு எனக்குத் தெரியாதா?”

டாக்டர் பொறுமையாக, ஒரு காலில் கோளாறு இருந்தால் பாரம் தாங்கித் தாங்கி மற்றக் காலும் வலிக்கும், அதனால் வலியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று விளக்கினார். சார் மதுரை ஆஸ்பத்திரி எண்ணை அழுத்திவிட்டார். அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கே கேட்டது; யாரும் எடுக்காததால் மறுபடி மறுபடி அழுத்தினார்.

டீச்சர் விடவில்லை. என்னிடம் திரும்பினார். “தம்பி, டாக்டருக்கு இப்ப நான் தெரியிறேனா?”

இல்லை டீச்சர், எக்ஸ்ரே மட்டும்தான் தெரியும் என்றேன்.

“அதான பாத்தேன். ஆளையே பாக்காம காலப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கீக. என்னையக் காட்டுங்க. நடந்து காட்டுறேன்.”

எக்ஸ்ரேயை எடுத்துவிட்டு, அதே மென்பொருள் வழியாக லேப்டாப் கேமராவைப் போட்டேன். டீச்சர் சுவரைப் பிடித்து எழுந்து கேமராவை நோக்கி நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

“பாத்தீங்களா? வலது கால்லதானே நொண்டுறீங்க” என்றார் டாக்டர்.

டீச்சர் நின்றார். குனிந்து தன் காலைப் பார்த்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கி இன்னொரு முறை பார்த்தார்.

“டாக்டர், இது இடது கால்.”

ஒரு டாக்டரும் ஒரு டீச்சரும் எது இடது கால் என்பதில் மாறுபட்டு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு டாக்டர் மெதுவாகக் கேட்டார். “உங்க பின்னாடி சுவத்துல காலண்டர் இருக்குல்ல? அதுல தேதி ஏன் திரும்பித் தெரியுது?”

எங்கள் திரையில் அந்தத் தேதி நேராக இருந்தது. அவருக்குத் திரும்பித் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீட்டிங்கில் நம் படத்தை நமக்கு மட்டும் கண்ணாடியில் காட்டுவது போலத் திருப்பிக் காட்டுவார்கள். எதிரில் இருப்பவருக்கு அது நேராகவே போகும். கல்யாண நேரலையில் அப்படி இல்லாததால் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சரியாக இருந்ததை நாங்கள் திருப்பியதில், டாக்டருக்கு எக்ஸ்ரேயும் டீச்சரும் காலண்டரும் எல்லாமே இடவலம் மாறிப் போயிருந்தன.

“சார், போன வைங்க” என்று சொல்லிவிட்டு அந்தப் பொத்தானை மறுபடி அமுக்கினேன். எங்கள் திரையில் காலண்டர் திரும்பிக்கொண்டது. டாக்டர், “இப்ப நேரா இருக்கு” என்றார். எக்ஸ்ரேயை மீண்டும் போட்டேன், இந்த முறை ஓரத்து எழுத்துகளோடு. அவரே வாசித்துப் பார்த்தார். இடது கால்தான். மதுரை டாக்டர் சொன்னது சரி, நாளைக்கே செய்துகொள்ளுங்கள் என்றார்.

போனை வைப்பதற்குள் மதுரை ஆஸ்பத்திரியில் யாரோ எடுத்துவிட்டார்கள். சார் தடுமாறி, நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டு வைத்தார். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னை யாரும் திட்டவில்லை. டீச்சர் காபி போடச் சொன்னார், சார் போய்ப் போட்டுவந்தார்.

பல மாதம் கழித்து பரவை மார்க்கெட்டில் டீச்சரைப் பார்த்தேன். கம்பு இல்லாமல் நடந்து வந்தார். என்னைக் கண்டதும் ஒரு காலைத் தூக்கி, “தம்பி, இது எந்தக் கால்?” என்றார். உங்களுக்கு எது தோணுதோ அதுதான் டீச்சர் என்றேன்.

அந்த ஸ்டுடியோவிலும் நான் நிலைக்கவில்லை. இப்போது வேறு ஊர், வேறு வேலை. ஆனாலும் யாருக்காவது மீட்டிங் போட்டுக் கொடுக்கும்போது, என் திரையில் எவ்வளவு சரியாக இருந்தாலும், “உங்களுக்கு எப்படித் தெரியுது?” என்று எதிரில் இருப்பவரைக் கேட்காமல் எந்தப் பொத்தானையும் தொடுவதில்லை. அந்தக் கேள்வியை மீட்டிங்கோடு நிறுத்தாமல் முன்பே கேட்கப் பழகியிருந்தால், கோபித்துக்கொண்டு நான் விட்டுவந்த சில ஊர்களில் இன்னும் இருந்திருப்பேனோ என்னவோ.