அஞ்சலை வாங்கிப் போன நாற்காலி

போன ஞாயிற்றுக்கிழமை நெய்வேலியிலிருந்து என் தங்கை வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்து வாசலில் காற்றாட உட்காரலாம் என்று போனவள், வழக்கமான மூலையில் தேடிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அந்தக் கை வெச்ச பச்சை சேரு எங்க? அதுல உக்காந்தாதான் எனக்கு இடுப்பு வலிக்காது."

"பின் தெருவுக்குப் போச்சு. திரும்பி வரல."

"போய்க் கேட்டு வாங்க வேண்டியதுதானே?"

கேட்க முடியாது. ஏன் முடியாது என்று அவளிடம் பாதிதான் சொன்னேன், எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு வாரப் பத்தியா என்று முகம் சுளிக்காதீர்கள். என் மூட்டுவலி, எங்கள் வீட்டு மோட்டார், பஸ் கண்டக்டரோடு சண்டை... எல்லாவற்றையும் இந்தப் பக்கத்தில் பொறுமையாகப் படித்தவர்கள்தானே நீங்கள்? இதையும் படியுங்கள். ஆனால் இந்த வாரம் சிரிப்பு இல்லை.

அந்த நாற்காலியை அடிக்கடி இரவல் வாங்கிப் போனவள் அஞ்சலை. எங்கள் பின் தெருவில் குடியிருந்தாள். அவள் வீட்டுக்காரர் தனபால், விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் மண் அரைக்கிற மிஷினில் வேலை பார்த்தவர். வாலிபத்தில் உள்ளே போனவர், தலை நரைத்து வெளியே வந்தார். அதற்குள் தூள் நெஞ்சில் படிந்துவிட்டது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். அது போதாதென்று பக்கவாதம் வேறு வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

கவனிக்க ஆள் இல்லையா என்றால்... இருந்தார்கள். அதுதான் வேடிக்கை! சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொண்டுவர ஒரு பெண். கை காலுக்குப் பயிற்சி கொடுக்க, புதன்கிழமை தோறும் ஒரு பிசியோதெரபி தம்பி. மூச்சைப் பார்த்து மருந்து சொல்ல, வியாழக்கிழமை ஒரு நர்ஸ். உதவித்தொகை சம்பந்தமாக எப்போதாவது ஒரு அலுவலர். எல்லாரும் வீடு தேடி வந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள். ஒருவர் கூட முகம் கோணிப் பேசியதில்லை.

யாராவது வருகிற நாள் என்றால் எனக்குத் தெரிந்துவிடும். காலையிலேயே வாசல் கேட்டைத் திறக்கிற சத்தம்.

"டீச்சரம்மா, சேரு குடுங்க. இன்னைக்கு பிசியோ சாரு வராரு."

கை இல்லாத நாற்காலியில் தனபால் சரிந்துவிடுவார். அதனால் இந்த நாற்காலி. வெந்நீர் வைத்து, குளிப்பாட்டி, முகம் மழித்து, வெளுத்த சட்டை போட்டு, நெற்றியில் விபூதி வைத்து, இடுப்பைக் கட்டித் தூக்கி, நாற்காலியில் உட்கார வைப்பாள். மெலிந்த பெண். தூக்குவது ஒரு முழு ஆளை.

வருகிறவர்கள் பார்ப்பது யாரை? பளிச்சென்று உட்கார்ந்திருக்கும் தனபாலை. "பரவால்லையே, முகம் தெளிவா இருக்குதே!" என்பார்கள். அவர்கள் வண்டி தெருமுனை தாண்டியதும் அவர் அப்படியே கட்டிலில் விழுவார். அன்று முழுக்க மூச்சு இழுக்கும். அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருப்பாள். கவனிப்பு வருகிற நாள்தான் அந்த வீட்டில் மோசமான நாள்.

அஞ்சலைக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். காலையில் வந்து கை கொடுக்க ஓர் ஆம்பளை ஆள். ஏனென்றால் அவளுக்கே நெஞ்சில் ஏதோ இறுக்கிக்கொண்டிருந்தது. மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண், "உடனே ஆஸ்பத்திரிக்குப் போயி ஈசிஜி எடுத்துடுங்கக்கா" என்று சொல்லியிருக்கிறாள். போக வேண்டியது காலையில். காலையில் போனால் தனபாலை யார் பார்ப்பது?

"நான் வந்து உக்காந்திருக்கேன், நீ போயிட்டு வா" என்றேன்.

"உங்ககிட்ட அவரு ஒண்ணுக்குன்னு கேப்பாரா டீச்சரம்மா? அடக்கிக்கினே கெடப்பாரு."

"எங்க வீட்டுக்காரரை அனுப்பட்டுமா?"

பதறிவிட்டாள். "ஐயாவுக்கு இந்த வேலையா? நல்லா சொன்னீங்க போங்க!"

அந்த உதவித்தொகை வந்தால் ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். தானாக எழுந்திருக்க முடியாதவர்களுக்கு, கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு துணையாளுக்காகக் கொடுப்பது. முதல் தடவை அலுவலர் வந்தபோது வழக்கம் போல நாற்காலி, சட்டை, விபூதி எல்லாம் தயார்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார் அலுவலர்.

"நல்லா இருக்கேன் சார்" என்றார் தனபால்.

வேறென்ன சொல்வார்? 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டவரிடம் 'நாசமாய்ப் போய்க்கொண்டிருக்கிறேன்' என்று நம்மில் யாராவது சொல்கிறோமா? துணையாள் தேவையில்லை என்று பதில் வந்தது.

எனக்கு ஆத்திரம். மறுபடி மனுப் போட வைத்தேன். இந்தத் தடவை அவரைக் குளிப்பாட்டாதே, கட்டிலில் கிடக்கிறபடியே கிடக்கட்டும், இருக்கிறது இருக்கிறபடி அலுவலர் பார்க்கட்டும் என்றேன். அஞ்சலை என்னை அப்படி முறைத்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"என் புருஷன ஈரத் துணியோட ஊரு பாக்கக் காட்டச் சொல்றீங்களா? உங்க வூட்டுக்காரர இப்படிக் காட்டுவீங்களா?"

காட்டமாட்டேன். விருந்தாளி வந்தால் கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளே வைக்கிற ஜாதிதானே நாமெல்லாம்? நம் கஷ்டத்தை விரித்துப் போட்டால்தான் உதவி என்றால், வாழ்நாள் முழுக்க அதை மூடி வைத்துப் பழகியவர்கள் எங்கே போவது?

ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவளே வந்தாள். "சரி டீச்சரம்மா, நீங்க சொல்றபடியே செய்றேன். சேரு வாணாம்." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அலுவலர் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். தனபால் அழுக்குப் பனியனோடு, தாடியோடு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அஞ்சலை வெட்கத்தில் அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். வெளியே வண்டி நின்றது. ஷூ சத்தம் கேட்டது.

அவ்வளவுதான்! தனபால் திரும்பினார். நல்ல கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். எங்கிருந்து வந்ததோ அந்தத் தெம்பு, நல்ல காலை ஊன்றி எழுந்து நின்றுவிட்டார். உடம்பெல்லாம் நடுங்க, "வணக்கம் சார்" என்றார். கம்பெனியில் முதலாளி சுற்றிப் பார்க்க வரும்போது உட்கார்ந்திருந்த ஆள் மறுநாள் வேலைக்கு வர வேண்டியதில்லை. அந்தப் பயம் இன்னும் காலில் இருக்கிறது.

அலுவலருக்கு நிஜமாகவே சந்தோஷம். "அட! போன தடவைக்கு இப்ப ரொம்பத் தேவலையே! உக்காருங்க, உக்காருங்க."

"சார், இவர் இப்படித் தானா எழுந்து நின்னதே இல்ல" என்றேன் நான்.

"நிக்கிறாரே மேடம்?"

நிற்கத்தான் செய்தார்.

அலுவலர் போனதும் சரிந்து விழுந்த தனபாலைக் கீழேயிருந்து தூக்க நாங்கள் ரெண்டு பேரும் படாத பாடு பட்டோம். இந்தத் தடவையும் உதவித்தொகை போச்சு என்று நான் புலம்பினேன். அஞ்சலை மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "எழுந்து நிக்கலன்னா அவரு தனபாலே இல்ல டீச்சரம்மா." ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டே அதைச் சொன்னாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதன்கிழமை பிசியோ தம்பி தோளில் தாங்கிப் பிடித்து அவரை நடக்க விடுவான். அந்தக் களைப்பில் வியாழக்கிழமை மூச்சு மோசமாகும். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, நோய் முற்றுகிறது என்று மருந்தைக் கூட்டுவார். இது அஞ்சலைக்குத் தெரியும். தினம் கூட இருந்து பார்க்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"அந்த நர்ஸ்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் செய்யறத இன்னொருத்தர்கிட்ட போயி சொன்னா கோள் மூட்டுறாப்புல ஆயிடாதா? அவங்களுக்குள்ள மனஸ்தாபம் வந்து, நாளைக்கு ரெண்டு பேருமே வரலன்னா நான் என்னா பண்ணுவேன்?"

எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு! ஆனால் எவ்வளவு மரியாதையான தப்பு! அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரே வீட்டுக்கு வருகிறவர்கள், ஒரே ஆளைப் பார்க்கிறவர்கள்... பேசிக்கொள்ளாமலா இருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். நீங்களும் நானும்கூட அப்படித்தானே நினைப்போம்?

போன மாதம் ஒரு புதன்கிழமை. காலையில் வந்து நாற்காலியை வாங்கிப் போனாள். "முகம் வெளுத்திருக்குதே அஞ்சலை" என்றேன். "பிசியோ சாரு போனதும் இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன் டீச்சரம்மா" என்றாள். வெந்நீர் வைக்கத் தண்ணீர் போதவில்லை என்று தெருக்குழாய்க்குப் போயிருக்கிறாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், அப்படியே குழாயடியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

பயிற்சி கொடுக்க வந்த பிசியோ தம்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து அவள் நெஞ்சை அழுத்து அழுத்து என்று அழுத்தினான். பிரயோஜனம் இல்லை.

மதியத்துக்குள் தெருவில் சாமியானா போட்டாயிற்று. மாத்திரை கொண்டுவரும் பெண் அழுதுகொண்டே வந்தாள். நர்ஸும் வந்தார். பிசியோ தம்பி போகவே இல்லை. மூன்று பேரும் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான்தான் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைத்தேன்.

"நடக்க விட்டீங்களா? அதான் நான் வர்ற அன்னைக்கெல்லாம் அவ்ளோ மோசமா இருந்தாரா?" என்றார் நர்ஸ்.

"அவரு நெஞ்சு இந்த அளவுக்குப் போயிருக்குதுன்னு எனக்கு யாருமே சொல்லலியே மேடம்" என்றான் தம்பி.

"அக்காவுக்கு நெஞ்சு வலின்னு எனக்குத் தெரியும். போங்கன்னு சொன்னேன். அவரை விட்டுட்டுப் போக முடியாதுன்னாங்க" என்றாள் மாத்திரைப் பெண்.

அந்தப் பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். "புதன்கிழமை நான் இங்கதானக்கா இருக்கேன்? நான் பாத்துக்கிட்டு இருந்திருப்பேனே... ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆட்டோ வெச்சு அனுப்பியிருப்பேனே..."

ஒரு டீ குடிக்கிற நேரம்தான் பேசினார்கள். அதற்குள் ஒரு முழு தனபாலும், ஒரு முழு அஞ்சலையும் அந்த பெஞ்சில் சேர்ந்துவிட்டார்கள். இதற்கு என்ன பெரிய திட்டம் வேண்டியிருந்தது? வீட்டில் இருக்கிற ஆளைச் சுற்றி நாலு பேரும் ஒருதரம் உட்கார வேண்டியிருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

காரியத்துக்கு முன்னால் அலுவலரும் வந்தார். தனபாலை இப்போது யாரும் குளிப்பாட்டவில்லை, யாரும் நாற்காலியில் தூக்கி வைக்கவில்லை. ஷூ சத்தம் கேட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. அலுவலர் கட்டிலருகே குனிந்து பார்த்தார். "என்ன மேடம், இப்படி ஆயிட்டாரு? கட்டாயம் ஒரு துணையாள் வேணும். நான் இன்னைக்கே எழுதுறேன்" என்றார். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து வந்த மகள் இன்னும் கொஞ்ச நாள் இருப்பாள். அதற்கப்புறம் தனபாலை யார் பார்ப்பார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

நாற்காலியைப் பற்றித்தானே தங்கை கேட்டாள்?

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இறந்தவர்களைப் படுக்க வைப்பதில்லை, நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அன்று அவசரத்துக்கு வேறு நாற்காலி தேடவில்லை. தனபாலுக்காகக் காலையில் அவளே வாங்கி வந்து போட்டது அங்கேயே இருந்தது. அத்தனை தடவை வாங்கிப் போனவள், ஒருதரம்கூட அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குளிப்பாட்டி, தலை வாரி, புதுப்புடவை கட்டி, பூ வைத்து, நெற்றி நிறையப் பொட்டு வைத்து அவளை அதில் உட்கார வைத்தார்கள். தனபாலைக் கட்டிலோடு தூக்கி வந்து பக்கத்தில் வைத்தார்கள். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் திக்கித் திணறிச் சொன்னார்:

"தலை சாயுது பாரு... நிமித்தி வைங்க. வர்றவங்க பாப்பாங்க."

வந்தவர்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் அஞ்சலையைப் பார்த்தார்கள்.